தாழ்ப்பாள் கழற்றிய வீடு

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் பிரவீணா என்ற பெண் போன் செய்தாள். திருவான்மியூரில் ஒரு பழைய அடுக்குமாடியில், இரண்டாவது மாடி வீடு விலைக்கு வந்திருக்கிறதாம். கடற்கரைக்கு நடந்தே போய்விடலாமாம்.

"மேடம், வீடு பழசுதான். ஆனா நல்ல வெளிச்சம். நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லிட்டா நாங்க லோனுக்குப் போயிடுவோம்" என்றாள். பிறகு வழக்கமான கேள்வி. "வாஸ்துவும் நீங்களே பாப்பீங்களா?"

கட்டுமானக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வாங்குகிறவர்களுக்காக வீட்டைச் சோதித்து அறிக்கை எழுதும் இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஈசானிய மூலையில் சாமி இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை, தண்ணீர் தேங்குகிறதா என்றுதான் பார்ப்பேன் என்றேன். சிரித்தாள். வியாழக்கிழமை போகிறேன்.

மாவு அரைத்தாயிற்று. சுத்தியலுக்குப் புதுப் பிடி போட வேண்டும்.

செப்டம்பர் 11, வியாழன்

கடல் பக்கத்துப் பழைய வீடு என்றால் பாதி விஷயம் உள்ளே போவதற்கு முன்பே தெரிந்துவிடும். உப்புக் காற்று முதலில் கம்பியைத்தான் தின்னும். படிக்கட்டின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். இரண்டு இடத்தில் கான்கிரீட் பொருக்கு விட்டிருந்தது.

வீட்டுக்காரர் பெயர் பாக்கியநாதன். துறைமுகத்தில் கிரேன் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி எஸ்தர், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். ஒரே மகள் ஷீபா மெல்போர்னில் இருக்கிறாள். வீட்டை விற்கச் சொல்வது அவள்தான். விற்றுவிட்டு இவர்கள் இருவரும் கோயம்புத்தூரில் முதியவர்களுக்கென்று கட்டிய குடியிருப்புக்குப் போவதாக ஏற்பாடு.

வீட்டை விற்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஓதம் ஏறிய சுவரில் காலண்டர் மாட்டியிருப்பார்கள். விரிசலுக்கு முன்னால் பீரோ நிற்கும். நான் வருகிறேன் என்று தெரிந்தால் முந்தின நாளே பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள். இந்த மனிதரோ நேர்மாறு. பீரோவைத் தானே தள்ளி நகர்த்தி, "இங்க பாருங்கம்மா, உப்புப் பூத்திருக்கு. எழுதிக்கிட்டீங்களா?" என்கிறார். கதவை மூடிக் காட்டி, "இது பிடிக்குது பாருங்க" என்கிறார். எனக்கே வேலை குறைந்துபோனது.

மின்சாரம் மோசம். பழைய ஃபியூஸ் பெட்டி, பாதி பிளக்குக்கு எர்த் கிடையாது. வாட்டர் ஹீட்டருக்குப் போகிற ஒயரை யாரோ வெட்டி டேப் சுற்றியிருந்தார்கள். சமையலறையில் அடுப்புக்குப் பின்னால் சுவர் கூரைவரை கரி.

"நான்தான். பால வச்சிட்டு பேப்பர் படிக்கப் போயிட்டேன்" என்றார்.

குளியலறைக் கதவு நிலையின் கீழ்ப்பகுதி ஊறி மெத்தென்று ஆகிவிட்டது. தண்ணீர் பல தடவை வெளியே வழிந்திருக்கிறது.

"அதுவும் நான்தான். குழாய மூட மறந்துடுறேன்."

குளியலறை, கழிப்பறை இரண்டிலும் உள் தாழ்ப்பாள் இல்லை. திருகாணி ஓட்டை மட்டும் இருக்கிறது. கேட்டதற்கு, துருப்பிடித்து மாட்டிக்கொண்டது, கழற்றிவிட்டேன் என்றார். அதைவிடத் துருப்பிடித்த ஜன்னல் கொக்கிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வாசல் கதவில் மட்டும் புதுத் தாழ்ப்பாள், அதுவும் உச்சியில். நான் கால் விரலில் நின்றுதான் தொட முடிந்தது.

வயதானால் மறதி வருவது சகஜம். ஆனால் இவருக்குக் கொஞ்சம் அதிகம்தான். பாவம்.

எஸ்தரம்மா நல்ல மாதிரி. பருத்திப் புடவை, வகிடு எடுத்துச் சீவிய தலை, டீச்சர் குரல். எந்த ஊர், எங்கே படித்தாய் என்று அன்பாக விசாரித்தார். பேட்டை என்று சொன்னேன். கிளம்பும்போதும் வாசல்வரை வந்து, "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டார். இந்தக் காலத்தில் யார் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார்கள்?

பால்கனியைப் பார்க்க முடியவில்லை. எஸ்தரம்மா அங்கே போய் நின்றுகொண்டார். "அத இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று பெரியவர் அவசரமாகச் சொன்னார்.

செப்டம்பர் 12, வெள்ளி

பால்கனி பார்க்காமல் அறிக்கை தர முடியாது என்று பிரவீணாவிடம் சொன்னேன். என் கணவர் தனசேகருக்குச் சளி. ரசம் வைத்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

முதலில் முதல் மாடி வீட்டில் கேட்டு, அவர்கள் பால்கனியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மேலே அடிப்பாகம் முழுக்கத் துரு ஒழுகின கோடுகள். சுத்தியலால் தட்டினால் திடமான கான்கிரீட் கணீரென்று பதில் சொல்லும். இது காலி டப்பா மாதிரி டொக்கென்றது.

பிறகு மேலே போனேன். எஸ்தரம்மா படுத்திருந்தார். பால்கனியில் பிற்பாடு ஒட்டின கனமான டைல்ஸ். அதன்மேல் வாஷிங் மெஷின். வாசற்படியோரம் கிடந்த மிதியடியைத் தூக்கினேன். சுவரும் பால்கனித் தளமும் சேரும் இடத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரிசல்.

மற்ற விரிசல்கள் வேறு. சுவரில் முடி மாதிரி ஓடும் விரிசலைப் பார்த்து எல்லோரும் பயப்படுவார்கள், அது பெரும்பாலும் பூச்சோடு முடிந்துவிடும். ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்குக் கீழே தூண் கிடையாது. தளத்துக்குள் மேலாக ஓடும் கம்பிகள்தான் அதை வீட்டோடு பிடித்து வைத்திருக்கின்றன. அங்கே விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கிவிட்டால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

நான் எழுந்திருப்பதற்குள் பாக்கியநாதன் ஐயா பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் சொன்னார்.

"அம்மா, ஒரு உதவி. கொஞ்சம் மோசமாவே எழுதிடுங்க. அந்தப் பொண்ணு வேண்டாம்னு போயிடணும்."

"ஏன் சார், விக்க இஷ்டமில்லையா?"

"எழுதுங்களேன்."

"நான் கூட்டிக் குறைச்சு எழுத மாட்டேன் சார். ஆனா அதுக்கு அவசியமே இல்ல. இந்த பால்கனி நிஜமாவே விழுந்துடும். இன்னையிலிருந்து யாரும் இதுல கால் வைக்கக் கூடாது. கதவ அடைச்சிடுங்க."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அடைக்க முடியாதும்மா. சாயங்காலம் அவ அங்கதான் நிப்பா. அடைச்சா கதவ உடைச்சிடுவா."

"தினமுமா? எதுக்கு?"

"ஷீபா வருவால்ல. ஸ்கூல் வேன் அந்த முனையிலதான் நிக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு தெருவைப் பார்த்தார். ஷீபா மெல்போர்னில் இருக்கிறாள். அவளுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கரிபிடித்த சுவர், ஊறின நிலை, வெட்டின ஒயர், உயரத்தில் தாழ்ப்பாள். மறதி அவருக்கில்லை. எப்படி எனக்கு உறைக்காமல் போனது? வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வீட்டுக்குள்ள அவளுக்கு எல்லாம் தெரியுதும்மா. ராத்திரி தனியா எந்திரிச்சா பாத்ரூமுக்குச் சரியாப் போயிடுறா. சுவரத் தொட்டுக்கிட்டே போயிடுவா. கோயம்புத்தூர்ல எந்தச் சுவரத் தொடுவா?" என்றார். "ஷீபாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். அவளுக்கே ஆயிரம் வேலை."

"வீடியோல பேசும்போது அவங்களுக்குத் தெரியாதா?"

"பக்கத்துலயே இருந்து பதில எடுத்துக் குடுத்துடுவேன்."

வாஷிங் மெஷினை நாங்கள் இருவருமாக உள்ளே இழுத்துப் போட்டோம். பால்கனி வாசலில் சாப்பாட்டு மேசையைக் குறுக்கே போட்டு, பக்கத்து ஜன்னலைத் திறந்து, அங்கே ஒரு நாற்காலி வைத்தேன். ஜன்னலிலிருந்து பார்த்தால் முனை பாதிதான் தெரிகிறது.

செப்டம்பர் 16, செவ்வாய்

தெரிந்த கான்டிராக்டர் காசியைக் கூட்டிப்போய்க் கீழிருந்து இரும்பு முட்டுக் கொடுத்தேன். இது என் வேலை இல்லை. ஆனால் மழைக்காலம் வருகிறது.

பிரவீணாவிடம் பால்கனியைப் பற்றிச் சொன்னேன். அவள் குரல் இறங்கிவிட்டது. "அந்த பால்கனிக்காகத்தான் மேடம் அந்த வீடே பிடிச்சுது" என்றாள். முழு அறிக்கை நாளை அனுப்புகிறேன் என்றிருக்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

அறிக்கை முடியவில்லை. கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது.

"குளியலறைகளில் உள் தாழ்ப்பாள் இல்லை" என்று அடித்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அது கட்டடத்தின் குறை இல்லையே. பிறகு, புதிதாக வருகிறவர்கள் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும்தானே என்று மறுபடி அடித்தேன்.

தனசேகர் எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டருக்கு என்ன? நல்லாத்தானே ஓடுது" என்றார்.

செப்டம்பர் 19, வெள்ளி

நேற்று அனுப்பிவிட்டேன். தாழ்ப்பாளையும் சேர்த்துத்தான்.

இன்று பிரவீணா வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஷீபா.

"நீங்கதானே அரசி? எங்கப்பா சொல்லிக் குடுத்து எழுதினீங்களா?"

"நேர்ல வந்து பாருங்க. பால்கனி முட்டுக் குடுத்துதான் நிக்குது. அறிக்கைல நான் ஒரு வார்த்தையும் கூட்டி எழுதல."

"அவருக்கு ஆரம்பத்துலயிருந்தே போக மனசில்ல. எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் தனியா இருக்காங்க, எனக்கு இங்க தூக்கம் வரமாட்டேங்குது. அம்மா பாவம், அம்மா எதுக்குமே மறுப்பு சொல்றதில்ல. இப்பல்லாம் போன்ல கூட எல்லாத்துக்கும் சரி சரிங்கறாங்க. அப்பாதான் பிடிவாதம்."

எல்லாவற்றுக்கும் சரி சரி என்கிறார்கள். அது ஏன் என்று எனக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. வாய்வரை வந்தது. "பால்கனிய இடிச்சாகணும்மா, அதுக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்தவர் குடும்பத்து விஷயம். நான் பார்க்கப் போனது சுவரை. இதைத்தான் சாயங்காலம் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

முட்டு சரியாக நிற்கிறதா என்று பார்க்கப் போனேன். (காசி நேற்றே பார்த்துவிட்டு வந்து சொல்லிவிட்டான்.)

"நீங்க இருக்கீங்கல்ல, ஓடிப்போய் மருந்து வாங்கிட்டு வந்துடுறேன்" என்று பாக்கியநாதன் ஐயா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். வெளியே போக அவருக்கு எப்போது வாய்க்கிறதோ.

எஸ்தரம்மா மேசையில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். கணவர் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்தார். பிறகு நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு வகுப்பறையே அடங்கியிருக்கும்.

"நீங்க வீட்டுல என்ன குறைன்னு பாத்து எழுதுறவங்கதானே?"

"ஆமாம்மா."

"என்னையும் எழுதிட்டீங்களா?"

நானும் ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரிக்கத் தொடங்கினேன்.

"எனக்குத் தெரியும்மா. எல்லா நேரமும் தெரியாது. காலைல தெரியும். நாலாம் வாய்ப்பாடு சொல்லிப் பாப்பேன். தடுமாறுனா அன்னைக்குச் சரியில்லன்னு அர்த்தம். இன்னைக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் வந்துது" என்றார். "இவரு எனக்காகப் பொய் சொல்றாரு. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் நான்தான், நான்தான்ங்கறாரு. பாவம், அவருக்குப் பொய் சொல்லவே வராது."

"அவர்கிட்ட நீங்க சொல்லலாமேம்மா, தெரியும்னு."

"எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் அவ்வளவு பாடுபடுறாரு. அதையும் கெடுக்கணுமா?"

அவரைக்காயை நகர்த்தி வைத்தார்.

"ஷீபாவுக்குப் போன் போடுங்க. அவகிட்ட நானே சொல்லணும். மத்தியானம் ஆயிட்டா அவ சின்னப் பிள்ளையாயிடுவா. அவகிட்ட என்னத்தச் சொல்றது?"

போட்டேன். அவர்கள் வீட்டுப் போனிலிருந்துதான். போட்டது சரியா தப்பா என்று யோசிக்கவில்லை. ஷீபா எடுத்ததும், அரசி பேசுகிறேன், அம்மா பேசணும் என்கிறார் என்று சொல்லிப் போனைக் கையில் கொடுத்தேன். எழுந்து போக நினைத்தேன். எஸ்தரம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஷீபா, அம்மா பேசுறேன். குறுக்கப் பேசாம கேளு. எனக்கு மறதி வந்திருக்கு. சாதாரண மறதி இல்ல. ரெண்டு தடவ அடுப்ப எரிய விட்டுட்டேன். ஒரு தடவ தெருவுல போய் வழி தெரியாம நின்னேன், பால்காரத் தம்பி கூட்டிட்டு வந்தான். சாயங்காலமானா நீ ஸ்கூல்லேர்ந்து வரலியேன்னு பால்கனில நின்னு அழுறேனாம், கீழ் வீட்டுல பேசிக்கிறாங்க. அப்பா சொல்ல மாட்டாரு. அவரத் திட்டாத. அவருக்கு உடம்பு முடியல, ஆனா அவரு தூங்கறதே இல்ல. நீ வரணும். அவருக்காக வரணும். எனக்காக இல்ல."

அந்தப் பக்கத்திலிருந்து "அம்மா" என்று ஒரு குரல் வந்தது. மெல்போர்ன்காரியின் குரலாக எனக்குக் கேட்கவில்லை.

வாசலில் பாக்கியநாதன் ஐயா நின்றுகொண்டிருந்தார். மருந்துச் சீட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார், பாதி வழியில் திரும்பியிருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"எஸ்தரு, உனக்குத் தெரியுமா?" என்றார்.

"எனக்குத் தெரியாம எப்படி? என் பாத்ரூம் தாழ்ப்பாளத்தானே கழட்டுனீங்க?"

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பெரிய சத்தத்தோடு அழுதார். எஸ்தரம்மா ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வேளச்சேரியில் ஒரு வீடு. கரையான். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

ஷீபா வந்திருக்கிறாள் என்று பெரியவர் போன் செய்தார். கூப்பிட்டதால் போனேன்.

அம்மாவின் அதே நெற்றி. கண் வீங்கியிருந்தது. வந்த அன்று காலையில் எஸ்தரம்மாவுக்கு மகளைத் தெரிந்திருக்கிறது, கட்டிக்கொண்டிருக்கிறார். சாயங்காலம், "நீங்க யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"உங்க மேல அவ்வளவு கோவப்பட்டேன்" என்றாள் என்னிடம். "நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"உங்கம்மா சொன்ன மாதிரி என்னால சொல்லியிருக்க முடியாதும்மா."

அப்பாவும் மகளும் கோயம்புத்தூரைப் பற்றி இரண்டு நாள் சண்டை போட்டிருக்கிறார்கள். டாக்டர்தான் தீர்த்து வைத்தாராம். அடியோடு புது இடம் வேண்டாம், முடிந்தால் பழகின சுற்றுவட்டாரத்திலேயே வைத்திருங்கள் என்றாராம். ஆனால் இரண்டு மாடி ஏறி இறங்க பெரியவருக்கு இனி முடியாது. மேல் வீட்டிலோ பால்கனியை இடித்துச் சுவர் கட்ட மாதங்கள் ஆகும்.

அதே கட்டடத்தில் தரைத்தளத்து வீடு ஒன்று வாடகைக்குக் காலியாக இருக்கிறது. மேல் வீட்டின் அதே அமைப்பு. கூடத்துக்கு இடப்பக்கம் சமையல், நேரே போனால் குளியலறை. தொட்டுக்கொண்டு போகிற சுவர் அதே பக்கத்தில்.

"அத நீங்க பாத்துச் சொல்லணும்" என்றாள் ஷீபா.

வழக்கமாகப் பார்ப்பதை எல்லாம் பார்த்தேன். கீழ் வீடு என்பதால் ஓதம் இருக்கிறது, சாக்கடை மூடி மாற்ற வேண்டும். அதன் பிறகு இதுவரை எந்த வீட்டிலும் பார்க்காதவற்றைப் பார்த்தேன். குளியலறைக் கதவு உள்பக்கம் திறக்கிறது. உள்ளே ஒருவர் விழுந்தால் தள்ளித் திறக்க முடியாது, வெளியே திறக்கும்படி மாற்றச் சொன்னேன். காஸ் வால்வைச் சமையலறைக்கு வெளியே கொண்டுவரச் சொன்னேன். வழவழப்பான தரை டைல்ஸ் கூடாது. கண்ணாடி போட்ட அலமாரிக் கதவு வேண்டாம்.

பாக்கியநாதன் ஐயா கூடவே வந்தார். எதையும் நீட்டி முழக்கிக் குறை சொல்லவில்லை. "இந்த ஜன்னல் நல்லாருக்குல்ல?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

நல்லாத்தான் இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்ட இடைவெளியில் பால்கனியை வெட்டி எடுத்தார்கள். காசியின் ஆட்கள் சாரம் கட்டி, துண்டு துண்டாக இறக்கினார்கள். உள்ளே மேல் கம்பி பல இடங்களில் இல்லவே இல்லை, இருந்த இடத்தில் சிவப்புப் பொடி. ஷீபா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இதுலயா அம்மா தினமும் நின்னாங்க?" என்றாள். ஆமாம் என்றேன்.

எஸ்தரம்மா கீழ் வீட்டில், மெஷின் சத்தம் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு இருந்தார். பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வேதாகமம் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இப்போது தூங்கி எழுந்த களை இருக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

கீழ் வீட்டுச் சுவரில் ஓதத்துக்குப் பூசின மருந்து பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன். பிடித்திருக்கிறது. கிளம்பும் நேரம் சாயங்காலமாகிவிட்டது.

எஸ்தரம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு வாசல் கேட்டுக்குப் போனார். ஷீபாவும் கூடவே போய்ப் பக்கத்தில் நின்றாள். இங்கிருந்து முனை முழுசாகத் தெரிகிறது.

"எம் பொண்ணு வர்ற நேரம்" என்றார் எஸ்தரம்மா அவளிடம்.

"என்ன படிக்கிறா?" என்று கேட்டாள் ஷீபா.

"நாலாவது. கணக்குன்னா பயம். கணக்கு டீச்சர் பொண்ணு, பாருங்களேன்." எஸ்தரம்மா சிரித்தார். "நான் திட்டுவேன்னு பயம். அதான் ஆடி அசைஞ்சு வருவா."

"நீங்க ரொம்பத் திட்டுவீங்களா?"

"திட்டுவேன். அப்புறம் அவ தூங்குனதும் போய்ப் பாத்துட்டு வருவேன். அது அவளுக்குத் தெரியாது."

ஷீபா தலையைத் திருப்பிக்கொண்டாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் வண்டிச் சாவியைத் தேடுவதுபோல நின்றேன்.

பேருந்து ஒன்று போனது. பூ விற்கிறவள் போனாள். இருவரும் முனையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

போகும்போது ஷீபாவின் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். "வேன் வரலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"இன்னும் கொஞ்ச நேரம் நிப்போம்" என்றாள். "அப்புறம், வாங்க டீச்சர், அவ வந்தா அப்பா கூட்டிட்டு வந்துடுவாருன்னு சொல்லுவேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு உள்ள வந்துடுவாங்க."

எஸ்தரம்மா காற்றுக்குப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பக்கத்தில் நிற்பவளுக்கும் குளிருமோ என்று நினைத்தாரோ என்னவோ, பாதித் தலைப்பை எடுத்து அவள் தோளிலும் போட்டார்.